எம்.வி.பி.: மதிப்புமிகு வீரரா, இன்றியமையா வீரரா?

2024 சீசனில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லுக்கு, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழக்கம்போல் 50 பேரிடம் வாக்கு வாங்கியது. ஆட்டத்தைப் பற்றி எழுதுபவர்களும் ஒளிபரப்பில் பேசுபவர்களும்தான் அந்த 50 பேர். ஒவ்வோர் இடத்துக்கும் அந்த ஆண்டின் ஆகச் சிறந்தவரைப் பொறுக்கி ஒரு கனவு அணி அமைப்பார்கள். அதில், பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்துக்கு அவர்கள் தேர்ந்தது பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லமார் ஜாக்சனை. அதே 50 பேர் ‘மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர்’ எனப்படும் எம்.வி.பி. விருதுக்குத் தேர்ந்தது பஃபலோ பில்ஸ் அணியின் ஜோஷ் ஆலனை. வாக்குக் கணக்கில் ஆலனுக்கு 383 புள்ளி, ஜாக்சனுக்கு 362.

சிறந்தவர் ஒருவர், எம்.வி.பி. இன்னொருவரா? இது குளறுபடி என்று அப்போது பலரும் கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு கேள்விகளும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் எம்.வி.பி.க்குச் சரியான தமிழ்ச்சொல் எது என்பதும் பிடிபடும்.

மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர் என்ற மூன்று சொற்களில் சிக்கல் முழுவதும் நடுச்சொல்லில்தான். ‘வேல்யூ’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் லத்தீன் மூலம் ‘வலேரே’. வலுவோடு இருத்தல், நலமாக இருத்தல் என்பது முதற்பொருள். ‘இவ்வளவு பெறும்’ என்ற விலைப் பொருளும் அதற்கு உண்டு. ரோமானியர்கள் விடைபெறும்போது ‘வலே’ என்பார்கள், நலமாயிரு என்று. கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்கிறபோது எத்தனை நாள் ‘வேலிடிட்டி’ என்று கேட்கிறோமே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வலேரே, வலு, வலிமை என்று ஒலி ஒத்துப்போவதால், தமிழிலிருந்து லத்தீனுக்குப் போன சொல் என்று சொல்லிவிட ஆசை வரும். அதற்கு ஆதாரம் இல்லை. நம் ‘வல்’ கன்னடத்திலும் மலையாளத்திலும் உறவினர்களைக் கொண்ட திராவிட வேர். வலேரே இந்தோ ஐரோப்பிய வேர். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

ஆக, ‘வேல்யூ’வுக்குள் வலிமையும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. இந்தச் சொல் எப்படி விளையாட்டு விருதுக்குள் வந்தது? அந்தக் கதை கால்பந்தில் தொடங்கவில்லை, பேஸ்பாலில் தொடங்கியது.

1910இல் சால்மர்ஸ் என்ற கார் நிறுவனம், மட்டைச் சராசரியில் முதலிடம் பிடிப்பவருக்கு ஒரு கார் பரிசு என்று அறிவித்தது. டை காப், நாப் லாஜுவா இருவருக்கும் கடும் போட்டி. காப்பைப் பலருக்குப் பிடிக்காது. சீசனின் கடைசி நாளில் செயின்ட் லூயிஸ் அணி லாஜுவாவுக்கு வேண்டுமென்றே தன் ஆளைப் பின்னால் தள்ளி நிறுத்த, அவர் பந்தை மெல்லத் தட்டிவிட்டே எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டார். அன்று ஒரே நாளில் 8 ஹிட். பெரிய சர்ச்சையாகி, கடைசியில் நிறுவனம் இருவருக்கும் கார் கொடுத்தது. மறு ஆண்டு விதியை மாற்றினார்கள்: எண்ணிக்கை பார்த்துப் பரிசு கிடையாது, தன் அணிக்கு மிகவும் முக்கியமானவராகவும் பயனுள்ளவராகவும் இருந்தவர் யார் என்று பத்திரிகை எழுத்தாளர் குழு தீர்மானிக்கும்.

எண்ணிக்கையை நம்பிக் கெட்ட இடத்தில் முளைத்த விருது இது. ‘அதிகம் அடித்தவர் யார்’ என்பதை விட்டு ‘அணிக்கு அதிகம் உதவியவர் யார்’ என்று கேட்க வந்தது. அந்தப் பிறப்பை மறந்து மொழிபெயர்த்தால் சொல் தடம் மாறிவிடும்.

கால்பந்துக்கு வருவோம். என்.எஃப்.எல்.லின் தலைவராக இருந்த ஜோ கார் பெயரில் 1938இல் மிக மதிப்புள்ள ஆட்டக்காரருக்கான கோப்பையைக் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் கோப்பையை வாங்கியவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் மெல் ஹைன். அவர் சென்டர், அதாவது முன்வரிசையின் நடுவில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிராளியை முட்டித் தடுப்பவர். அந்த இடத்தில் ஆடுபவர் பெயரில் எந்த எண்ணிக்கையும் ஏறாது. ஓடிய தூரம் இல்லை, எடுத்த புள்ளி இல்லை. ஆனாலும் அவர் இல்லாவிட்டால் ஆட்டமே தொடங்காது. ‘மதிப்பு’ என்பதை அன்று அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த தேர்வு.

பிறகு விருது மெல்ல மெல்ல குவார்ட்டர்பேக் என்ற ஒரே இடத்துக்குச் சுருங்கிவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் விருது 1957இல் ஜிம் பிரவுனில் தொடங்குகிறது. தடுப்பாட்டக்காரர் வாங்கியது இரண்டே முறை: 1971இல் ஆலன் பேஜ், 1986இல் லாரன்ஸ் டெய்லர். பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர் ஒரே முறை, 1982இல் மார்க் மோஸ்லி. வேலைநிறுத்தத்தால் 9 ஆட்டங்களாகக் குறுகிய சீசன் அது. 2012இல் 2,097 கஜம் ஓடிய ஏட்ரியன் பீட்டர்சனுக்குப் பிறகு, 2024 வரை குவார்ட்டர்பேக் அல்லாத ஒருவரும் வாங்கவில்லை. 2024இல் 2,005 கஜம் ஓடிய சேக்வான் பார்க்லிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.

இது பாரபட்சமா? ஒரு லீகை விட்டுவிட்டு ஓர் அணியை மட்டும் எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தால் விடை தெளிவாகும். நான் எப்போதும் எடுத்துக்கொள்வது 2010இன் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை. முதலிடம் பெய்டன் மானிங்குக்கு. பந்தை வாங்கி, எங்கே யாருக்கு எறிவது என்று அந்த நொடியில் முடிவெடுக்கும் குவார்ட்டர்பேக். அடுத்து, எதிரணி குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் பாய்ந்து வீழ்த்தும் டுவைட் ஃப்ரீனியும் ராபர்ட் மாத்திஸும். அப்புறம் பந்தைப் பிடிக்கும் ரெஜி வேன். அப்புறம் சென்டர் ஜெஃப் சாட்டர்டே. ஃப்ரீனியா மாத்திஸா, வேனா சாட்டர்டேவா என்று இரவு முழுக்க வாதாடலாம். முதலிடத்தைப் பற்றி வாதமே வராது.

காரணம், அடுத்த ஆண்டே அதற்கு ஒரு சோதனை நடந்துவிட்டது. கழுத்து அறுவைச் சிகிச்சையால் மானிங் 2011 சீசன் முழுவதும் ஆடவில்லை. நான் சொன்ன மற்ற நால்வரும் அணியிலேயே இருந்தார்கள். 2010இல் 10 வெற்றி, 6 தோல்வி என்றிருந்த அணி, 2011இல் தொடர்ந்து 13 ஆட்டங்கள் தோற்று, 2 வெற்றி, 14 தோல்வியோடு முடிந்தது. நியூ ஆர்லியன்ஸிடம் 62-7 என்று நொறுங்கியது. மானிங் டென்வருக்குப் போனார். 8 வெற்றி, 8 தோல்வி என்றிருந்த அந்த அணி 2012இல் 13 வெற்றி, 3 தோல்விக்கு ஏறியது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2007இல் லீக் ஆட்டங்கள் 16இலும் வென்ற நியூ இங்கிலாந்து, 2008இன் முதல் ஆட்டத்திலேயே டாம் பிரேடியை முழங்கால் காயத்தால் இழந்தது. மாட் காசல் என்ற மாற்று ஆட்டக்காரரை வைத்து 11 ஆட்டங்கள் வென்றார்கள். பிரேடி மதிப்புக் குறைந்தவர் என்றா இதற்குப் பொருள்? இல்லை. ஒருவரின் ‘வேல்யூ’ அவரிடம் மட்டும் இல்லை, அவரைச் சுற்றியுள்ள அணியிலும் இருக்கிறது. ஆலன், ஜாக்சன் கதையும் இதுதான். 2024இல் பஃபலோ தன் முன்னணிப் பந்துபிடிப்பாளர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டது; ஆலன் அந்த அணியை 13 வெற்றிக்குக் கொண்டுபோனார். ஜாக்சனுக்கு அதே ஆண்டு டெரிக் ஹென்றி துணைக்கு வந்து 1,921 கஜம் ஓடினார். எண்ணிக்கையில் ஜாக்சன் மேல். ‘அவர் இல்லாவிட்டால்?’ என்ற கேள்வியில் ஆலன் மேல்.

குவார்ட்டர்பேக் மட்டும்தான் இப்படி என்றில்லை. பிட்ஸ்பர்க்கின் தடுப்பாட்டக்காரர் டி.ஜே. வாட் 2022இல் காயத்தால் 7 ஆட்டங்களைத் தவறவிட்டார். அவர் ஆடிய 10 ஆட்டங்களில் அணிக்கு 8 வெற்றி. ஆடாத 7இல் 1. நடுவில் குவார்ட்டர்பேக் மாறியதும் கணக்கில் சேரும். ஆனாலும் அந்த எண்களை ஒதுக்கிவிட முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘ஆட்ட நாயகன்’ என்று சில நேரம் எழுதுகிறார்கள். அது பாதி சரி. சூப்பர் பௌல் இறுதியாட்டத்துக்கும் எம்.வி.பி. என்ற பெயரிலேயே தனி விருது இருக்கிறது. அந்த ஒரு நாள் ஆட்டத்துக்கு ‘ஆட்ட நாயகன்’ கச்சிதமாகப் பொருந்தும். தோற்ற அணியிலிருந்து அதை வாங்கியவர் ஒருவர்தான்: ஐந்தாம் சூப்பர் பௌலில் டாலஸ் அணியின் சக் ஹவ்லி. நாயகன் என்பவர் தோற்ற பக்கத்திலும் இருக்கலாம் என்பதால் சொல் அங்கேயும் கெடவில்லை. ஆனால் சீசன் முழுவதற்கான விருதை ஆட்ட நாயகன் என்றால் தவறு.

‘சிறந்த வீரர்’ என்பதும் போதாது. சல்லிக்கட்டில் சிறந்த மாடுபிடி வீரர் என்கிறோம். எத்தனை மாடு பிடித்தார் என்ற எண்ணிக்கைக்கு அந்தச் சொல் சரியாக உட்காருகிறது. எண்ணிக்கையிலிருந்து தப்பிக்கப் பிறந்த விருதுக்கு அது ஒட்டாது. ‘சிறந்த’ என்றால் ஜாக்சன், எம்.வி.பி. என்றால் ஆலன் என்று அந்த 50 பேரே பிரித்துக் காட்டிவிட்டார்களே.

‘மதிப்புமிகு வீரர்’, ‘மதிப்புமிக்க வீரர்’ என்பவை சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தமிழில் மதிப்பு இரண்டு பக்கம் இழுக்கும். சொத்து மதிப்பு என்றால் விலை. மதிப்பும் மரியாதையும் என்றால் கௌரவம். மதிப்புமிக்க வீரர் என்று கேட்டவுடன் பெரியவர், மரியாதைக்குரியவர் என்ற படமே பலருக்கு வருகிறது. இலங்கைத் தமிழில் இதற்கு ‘பெறுமதி’ என்பார்கள். நம்மூரில் மதிப்புக் கூட்டு வரி என்பது அங்கே பெறுமதி சேர் வரி. எனக்குப் பெறுமதி என்ற சொல் மேல் தனிப் பிரியம் உண்டு, மரியாதைப் பொருள் குறுக்கே வராத துல்லியமான சொல். ஆனால் அது விலைப் பக்கம் சாய்கிறது. விலையும் இந்த விருதும் வேறு. பாட்ரிக் மஹோம்ஸ் 2018இல் எம்.வி.பி. ஆனபோது புதியவர்களுக்கான தொடக்க ஒப்பந்தச் சம்பளத்தில் இருந்தார். 45 கோடி டாலர் அளவிலான ஒப்பந்தம் வந்தது 2020இல்தான்.

நான் முன்வைப்பது ‘இன்றியமையா வீரர்’. இன்றி, அமையா: இல்லாமல் நிலைபெறாத, இல்லாமல் நடக்காத. பழைய சொல். ‘நீரின் றமையா துலகு’ என்று திருக்குறள் உலகத்துக்கும் நீருக்கும் சொல்கிறது. நற்றிணையின் முதல் பாட்டில் கபிலர் அதை மனிதருக்கே சொல்கிறார்: ‘நீர் இன்று அமையா உலகம் போலத் தம் இன்று அமையா நம்’, அதாவது அவர் இல்லாமல் அமையாத நாம். யார் இல்லாவிட்டால் மற்றவர்கள் நிலைகுலைவார்கள் என்பதுதான் அங்கே அளவுகோல். 2011இன் கோல்ட்ஸுக்கு நடந்த சோதனையும் அதுவே. ஆங்கிலச் சொல் வலிமைக்கும் விலைக்கும் நடுவே தடுமாறும் இடத்தில், தமிழ்ச்சொல்லுக்குள் அந்தச் சோதனையே பொதிந்திருக்கிறது.

‘மோஸ்ட்’ எங்கே என்று கேட்கலாம். இன்றியமையாதவர் பலர் இருக்கலாமே? இருக்கலாம். இந்த விருதின் பெயராக வரும்போது ‘இன்றியமையா வீரர்’ என்றே விடலாம்; ஆண்டின் சிறந்த நூல் என்றால் ஒன்றைத்தான் குறிக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். அணிக்குள் ஐந்து பேரை வரிசைப்படுத்தும்போது ‘இன்றியமையாமை வரிசை’ என்றால் பொருள் சிதையாது.

‘வீரர்’ பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் வெறும் ஆட்டக்காரர்தான். நாம்தான் அவரைப் போர்வீரராக்கினோம். வீரர் வடமொழி ‘வீர’விலிருந்து வந்தது, ஆண் என்று பொருள்படும் லத்தீன் ‘விர்’ அதற்கு உறவு. ஆட்டக்காரர் என்பது இன்னும் நெருக்கமான சொல்தான். ஆனால் விளையாட்டுப் பக்கங்களில் வீரர், வீராங்கனை என்று வேரூன்றிவிட்டது. பிடுங்க வேண்டியதில்லை.

செய்தித் தலைப்பில் இடம் குறுகலாக இருந்தால் எம்.வி.பி. என்றே போடுங்கள், வாசகர்களுக்குப் பழகிய எழுத்துகள் அவை. உள்ளே எழுதும்போது மட்டும் பிரித்து எழுதுங்கள்: சூப்பர் பௌலின் ஆட்ட நாயகன் ஒருவர், ஆண்டின் சிறந்த குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன், இன்றியமையா வீரர் ஜோஷ் ஆலன்.