கீஃப்ரேம்: சட்டகமா, புள்ளியா?

எடிட்டிங் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், “கீ போட்டியா?”, “அந்தக் கீயை ரெண்டு ஃப்ரேம் தள்ளி வை” என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு ஃப்ரேம். ஓர் அசைவு எந்த ஃப்ரேமில் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று நாம் போடும் குறிதான் ‘கீ’. கீஃப்ரேம் என்று முழுப்பெயர் சொல்கிறவர்கள் குறைவு.

‘வணக்கம்’ என்ற எழுத்து திரையின் இடப்பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து நடுவில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில், அந்த எழுத்து இருக்கும் லேயரின் (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் தாள் மாதிரி) ‘பொசிஷன்’, அதாவது இடம், என்பதன் பக்கத்தில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினால், நேரத்தைக் காட்டும் டைம்லைனில் வைர வடிவில் ஒரு குறி விழும். அது முதல் கீ. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால், 24 ஃப்ரேம் தள்ளிப் போய் எழுத்தை நடுவுக்கு இழுத்துவிட்டால் இரண்டாவது கீ தானாக விழும். இடையிலுள்ள 23 ஃப்ரேமும் மென்பொருளின் பாடு. (அதே ஸ்டாப்வாட்ச்சை மறுபடி தட்டினால் அந்தப் பண்புக்குப் போட்ட எல்லாக் கீயும் அழிந்துவிடும். ஒரு முழு மதிய வேலையை நான் அப்படித் தொலைத்திருக்கிறேன்.)

சொல் பிறந்தது கணினியில் அல்ல, காகிதத்தில். அமெரிக்க கார்ட்டூன் ஸ்டுடியோக்களில் மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார்: கை ஓங்கியது ஒன்று, அடி விழுந்தது ஒன்று. நடுவில் வர வேண்டியதை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். இந்த வேலையைக் கணினிக்குக் கொண்டுபோனவர்களில் முன்னோடிகள், கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த நெஸ்டர் பர்ட்னிக்கும் மார்செலி வெய்னும். அவர்களுடைய முறையில் உருவான ‘ஹங்கர்’ என்ற குறும்படம் 1974இல் வந்தது. 1997இல் இருவருக்கும் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. உதவி ஓவியரின் நாற்காலியில் அன்று உட்கார்ந்த கணினி இன்னும் எழுந்திருக்கவில்லை.

கீஃப்ரேமைத் தமிழில் என்ன சொல்லலாம்? ஃப்ரேம் என்றால் சட்டகம். ‘கீ’க்குத்தான் தேட வேண்டும். ‘கீ’ என்றதும் சாவி நினைவுக்கு வரும். அதுவே போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். நம் திறவுகோலும் இங்கே எதையும் திறக்கப்போவதில்லை. விசைப்பலகையைப் பார்த்து ‘விசைச் சட்டகம்’ என்று எழுதினால் ஏதோ இயந்திர உறுப்பு போல ஒலிக்கும். இங்கே ‘கீ’ என்பதற்கு முதன்மையானது என்றுதான் பொருள். ஆகவே ‘முதன்மைச் சட்டகம்’ சரி. வீடியோவைச் சுருக்கும்போது முழுப்படமாகச் சேமிக்கப்படும் ஃப்ரேமுக்கும் கீஃப்ரேம் என்றுதான் பெயர். அதற்கும் இந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது.

ஆனால் எழுத்தையும் படத்தையும் அசையவைக்கும் மோஷன் கிராஃபிக்ஸில் ஒரு சிக்கல். காகிதத்தில் கீஃப்ரேம் என்பது ஒரு முழு ஓவியம். மென்பொருளில் அது சட்டகமே அல்ல. ஒரு லேயரின் ஒரே ஒரு பண்பு, குறிப்பிட்ட நேரத்தில் என்ன அளவில் இருக்க வேண்டும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். ஒரே ஃப்ரேமில் இடத்துக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று, மங்கலுக்கு ஒன்று என்று மூன்று கீ இருக்கலாம். ஒரு ஃப்ரேமுக்குள் மூன்று ‘சட்டகம்’ என்றால் கேட்பவருக்குத் தலை சுற்றும்.

எனக்குத் தோன்றுவது ‘நிலைப்புள்ளி’. கோலத்தில் புள்ளி நாம் வைக்கிறோம், இழை அதை ஒட்டி ஓடுகிறது. இழை நேராக ஓடுமா, வளைந்து ஓடுமா என்பது தனி விஷயம். மென்பொருளில் ‘ஈஸி ஈஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்ததும் வைரக்குறி இடை சிறுத்து உடுக்கை மாதிரி ஆகிவிடும். எழுத்தும் மெல்லக் கிளம்பி மெல்ல வந்து நிற்கும்.

லேயருக்குத் தமிழ்ச் சொல் அவ்வளவு தேட வேண்டாம். 1914இல் அமெரிக்க கார்ட்டூன் ஓவியர் ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த முறையில், நிற்கும் பின்னணியின் மேல் அசையும் உருவத்தைத் தனியாக ஒளிபுகும் தாளில் வரைந்து வைத்தார்கள். அந்தத் தாள்தான் இன்றைய லேயர். ‘அடுக்கு’ பழகிவிட்டது. இலங்கையில் ஓசோன் ‘படை’ என்பார்கள், அதுவும் நல்ல சொல்தான். ஒற்றைத் தாளுக்கு ‘ஏடு’ இன்னும் பொருத்தம் என்பேன், பாலேட்டில் இருக்கிற அதே ஏடு.

போன வாரம் எங்கள் எடிட்டிங் தம்பியிடம், “அந்தப் புள்ளியை ரெண்டு ஃப்ரேம் தள்ளி வைப்பா” என்று சொல்லிப் பார்த்தேன். “கோலமா அண்ணே?” என்று சிரித்தான். நகர்த்தியது சரியான கீயைத்தான்.