வன்கொடுமைக்கு ஆளாகும் குழந்தையை உறவினர் அல்லாதவர் பொறுப்பேற்க முடியுமா?

தன் வீட்டிலேயே அடியும் வதையும் படும் குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆசிரியரோ பக்கத்து வீட்டாரோ முன்வந்தால், இரத்த உறவு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் இந்தியச் சட்டம் அவர்களை ஒதுக்குவதில்லை. ஆனால் பெற்றோரின் சம்மதமோ அதிகாரிகளின் உத்தரவோ இல்லாமல் குழந்தையை அழைத்துச் சென்று வீட்டில் வைத்துக்கொண்டால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடத்தல் வழக்கைச் சந்திக்க நேரலாம்.

எனவே முதலில் செய்ய வேண்டியது தகவல் தெரிவிப்பதே. குழந்தைகள் உதவி எண்ணான 1098-லோ, காவல் நிலையத்திலோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ தெரிவிக்கலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, பொதுநல அக்கறை கொண்ட எவரும் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை, இத்தகைய குழந்தைகள் குறித்து முடிவெடுக்கும் சட்டப்பூர்வ அமைப்பான குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அதைச் செய்ய வேண்டும். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்வது கட்டாயம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குத் தொடர முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசிப்பவராக இருந்தால், குழந்தையை அந்தக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டுமா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தில் குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். நீங்கள் கண்டதையும் கேட்டதையும் தேதியோடு எழுதி வைத்திருந்தால், அதுவே குழுவுக்குப் பெரிதும் உதவும்.

குழந்தையின் குடும்பச் சூழலை அறியும் சமூக விசாரணையை 15 நாட்களிலும் இறுதி உத்தரவை நான்கு மாதங்களிலும் முடிக்க வேண்டும் என்பது விதி. இந்த இடைக்காலத்தில் குழந்தையைத் தற்காலிகமாக ஏற்க விரும்புபவர், தன்னைத் ‘தகுதியுள்ள நபர்’ என அங்கீகரிக்குமாறு குழுவிடம் எழுத்துமூலம் கேட்கலாம். குழு அவருடைய பின்னணியைச் சரிபார்த்த பிறகே அங்கீகரிக்கும். விவரம் தெரிந்த வயதுக் குழந்தையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கும். பாதுகாப்பான பாட்டியோ சித்தியோ இருந்தால் அவர்களிடம் குழந்தை போகக்கூடும். அதைத் தன் தோல்வியாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

நீண்ட காலத்துக்கு என்றால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் சொல்லப்படும் வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது குழந்தையை வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் விடும் ஏற்பாடு இருக்கிறது. உறவில்லாத குடும்பமும் இதற்குத் தகுதி பெறலாம். இதற்கான 2024ஆம் ஆண்டின் மாதிரி வழிகாட்டுதல்கள் ஆறு வயதைக் கடந்த குழந்தைகளுக்கானவை. மணமாகாதவர், வாழ்க்கைத்துணையை இழந்தவர், விவாகரத்து பெற்றவர் என்று தனித்து வாழ்பவர்களுக்கும் அவை இடம் தருகின்றன. ஆனால் தனியாக வாழும் ஆணிடம் பெண் குழந்தை ஒப்படைக்கப்படாது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்கீழ் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. குழு மாதந்தோறும் ஆய்வு செய்யும். குழந்தையின் நலனுக்குக் கேடு என்று குழு கருதினாலன்றி, பெற்றோர் வந்து பார்க்கவும் உரிமை உண்டு. வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்தெடுப்பு ஆகாது. பெற்றோர் ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக் கொடுத்தாலும் குழந்தை உங்களுடையதாகிவிடாது. ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட குழந்தையை முறைப்படி இல்லாமல் தத்துக் கொடுப்பதும் பெறுவதும் மூன்று ஆண்டு வரை சிறைக்கோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம்.

இன்னொரு வழி நீதிமன்றம். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் 8ஆம் பிரிவு, குழந்தையின் ‘உறவினர் அல்லது நண்பர்’ மனுச் செய்யலாம் என்கிறது. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில், குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே, மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு முடியும்வரை குழந்தையின் இடைக்காலப் பாதுகாப்புக்கு 12ஆம் பிரிவின்கீழ் உத்தரவு கேட்கலாம். தாயோ தந்தையோ உயிரோடிருந்து, அவர் தகுதியற்றவர் அல்ல என்று நீதிமன்றம் கருதினால் வேறு காப்பாளரை நியமிக்காது. ஆகையால் மருத்துவச் சான்று, முதல் தகவல் அறிக்கை, குழுவின் உத்தரவு போன்ற ஆதாரங்கள் இல்லாமல் இந்த வழியில் இறங்குவது பலன் தராது என்பதே என் கருத்து. வழக்கறிஞருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி, தங்களுக்கு இலவச உதவி கிடைக்குமா என்று கேட்கலாம்.

குழுவின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு தொடர்பான உத்தரவு என்றால் மாவட்ட ஆட்சியரிடமும், பெரும்பாலான மற்ற உத்தரவுகளுக்குக் குழந்தைகள் நீதிமன்றத்திலும் முறையிட வேண்டும்.