தவறான விடையையும் சேர்த்து அனுப்புங்கள்

கணக்கில் ஐயம் கேட்டு எனக்குக் கைபேசியில் வரும் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். பாடநூல் பயிற்சியில் ஒரு கணக்கு, அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம், கீழே "சார், இதுக்கு விடை வேணும்" என்று ஒரு வரி. தொண்டியிலிருந்து வந்தாலும் கீழக்கரையிலிருந்து வந்தாலும் இராமேசுவரத்திலிருந்து வந்தாலும் இதில் மாற்றமில்லை. நான் உடனே விடை அனுப்புவதில்லை. "எதுவரை போட்டாய், அந்தப் பக்கத்தை அனுப்பு" என்றுதான் முதலில் கேட்பேன். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. தெரியாததால்தானே கேட்கிறோம், போட்டதைக் காட்டு என்றால் எதைக் காட்டுவது என்று பெற்றோர் சிலர் நேராகவே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கவே இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் பழக்கமான கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து, அதன் இரு எதிர்ப் பக்கங்களிலும் உள்ள இரண்டு கப்பல்கள் 30°, 45° இறக்கக் கோணங்களில் தெரிகின்றன. கப்பல்களுக்கு இடையே உள்ள தொலைவு என்ன? முதல் கப்பலின் தொலைவு 60√3, அதாவது 103.92 மீட்டர், இரண்டாவதன் தொலைவு 60 மீட்டர், கூட்டினால் 163.92 மீட்டர். இந்த மூன்று வரிகளை எழுதி அனுப்ப எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் மாணவருக்கு 43.92 வந்திருந்தால் அவருக்கு முக்கோணவியல் முழுவதும் தெரிந்திருக்கிறது. இரண்டு கப்பல்களையும் ஒரே பக்கத்தில் வரைந்து, கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறார், அவ்வளவுதான். 94.64 வந்திருந்தால் கதையே வேறு. அவர் இறக்கக் கோணத்தைக் கிடைமட்டக் கோட்டிலிருந்து அளக்காமல் விளக்கத்தின் சுவரிலிருந்து அளந்திருக்கிறார். 45° கப்பலில் இந்தப் பிழை வெளியே தெரியாது. எப்படி அளந்தாலும் 60 தான் வரும். 30° கப்பலில் 103.92 க்குப் பதில் 34.64 வந்துவிடும். முதலாமவருக்குப் படத்தைத் திருத்தினால் போதும். இரண்டாமவருக்கு அந்தப் பாடத்தின் தொடக்கத்துக்கே போக வேண்டும். இருவருக்கும் ஒரே சரியான விடையை அனுப்பினால் இருவரும் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். இரண்டாமவர் தேர்வில் மீண்டும் சுவரிலிருந்துதான் அளப்பார்.

43.92 எழுதிய ஒரு மாணவனிடம், கணக்கில் 'எதிர்ப் பக்கங்கள்' என்று தெளிவாக இருக்கும்போது ஏன் ஒரே பக்கத்தில் வரைந்தாய் என்று கேட்டேன். தங்கச்சிமடம் பக்கத்துப் பையன். "சார், விளக்கு கரையிலதானே நிக்கும்? இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஊரு. ஊருக்குள்ள கப்பல் எப்படி நிக்கும்?" என்றான். கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட நியாயமான ஐயம் இருக்க முடியாது. கடலுக்கு நடுவே பாறையில் நிற்கும் விளக்கை நினைத்துக்கொள்ளச் சொன்னதும் மீதியை அவனே முடித்துவிட்டான். அவன் போட்ட பக்கத்தைப் பார்க்காமல் விடை அனுப்பியிருந்தால் இது எனக்குத் தெரிய வழியே இல்லை.

கரையோரப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று சொல்கிறவர்களை, ஆசிரியர்கள் உட்பட, நான் அடிக்கடி பார்க்கிறேன். மீன் விற்கும் தாய்க்குத் துணையாக உட்காரும் ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் கிலோ 380 ரூபாய் வீதம் முக்கால் கிலோ விளைமீனுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அரைக் கிலோ 190, கால் கிலோ 95, ஆக 285 என்று மீனைப் பையில் போடுவதற்குள் சொல்லிவிடுவாள். அதையே 380 × 0.75 என்று நோட்டில் எழுதிக் கொடுத்தால் 28.5 என்றோ 2850 என்றோ எழுதிவிட்டு, அதில் ஏதோ தவறு இருப்பதாகவே தோன்றாமல் அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள். முக்கால் கிலோ மீன் 2850 ரூபாய்க்குப் போகாது என்பது அவளுக்குத் தெரியும். நோட்டில் உள்ள எண்ணுக்கும் கடையில் உள்ள எண்ணுக்கும் தொடர்பு உண்டு என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்யும் சிறுவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1985 இல் வெளிவந்தது. வியாபாரத்தின்போது அவர்கள் போட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாக இருந்தன. அதே அளவுக் கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாக வந்தன. தேங்காய் விற்ற 12 வயதுச் சிறுவனிடம் 35 வீதம் பத்துத் தேங்காய் விலை கேட்டபோது, பள்ளியில் சொல்வதுபோல் ஒரு சுழியம் சேர்க்காமல், மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210 என்று அடுக்கிக்கொண்டே போய் 350 என்றானாம். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஐந்தே பேர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மீன் ஏலக்கூடத்துக்கு ஒரு முறை போய் வந்தவர்களுக்கு அந்த முடிவு வியப்பாக இருக்காது.

தசமத்திலும் இதே நிலைதான். 0.5, 0.45 இவற்றில் எது பெரியது என்றால் ஏழாம் வகுப்பில்கூடப் பலர் 0.45 என்கிறார்கள். அஞ்சைவிட நாற்பத்தஞ்சு பெரிது என்பது அவர்கள் வாதம். மின்னணுத் தராசின் முன் இதே பிள்ளைகள் தவறுவதில்லை; ஏனென்றால் தராசு எப்போதும் மூன்று இலக்கம் காட்டும்: 0.500, 0.450. ஆகவே இந்த ஐயத்தோடு வருகிறவர்களுக்கு நான் விதி எதுவும் சொல்வதில்லை. தராசில் எப்படித் தெரியும் என்று எழுதிக் காட்டச் சொல்கிறேன். பெரும்பாலும் அதற்குமேல் பேச வேண்டியிருப்பதில்லை.

பெற்றோர் கேட்பவை வேறு வகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலில் இருக்கும் தந்தையர் வீட்டில் இருக்கும் காலமும், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அடுத்து எந்தப் பிரிவு எடுப்பது என்று முடிவு செய்யும் காலமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. "கணக்கு குரூப் எடுக்கலாமா சார்?" என்பதே அப்போது அதிகம் வரும் கேள்வி. மதிப்பெண்ணை மட்டும் வைத்து நான் பதில் சொல்வதில்லை. வினாத்தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் 16 மதிப்பெண் தருகின்றன. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14 இருக்கின்றன. பயிற்சியால் இவற்றை வாங்கிவிடலாம், அதில் குற்றமும் இல்லை. ஆனால் பதினோராம் வகுப்பு நிற்பது இயற்கணிதத்தின் மேல். காரணிப்படுத்தலும் இருபடிச் சமன்பாடும் பிள்ளைக்குத் தானாக வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள் என்பேன். தாம் படிக்கவில்லையே, எப்படிப் பார்ப்பது என்பார்கள். பிள்ளை போட்ட கணக்கு ஒன்றை வரி வரியாக வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்த வரியில் "அது அப்படித்தான் வரும்" என்கிறானோ அங்கே விரல் வையுங்கள். இதற்குப் பெற்றோருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் கேட்கும்போது "ஒரு பையன் கேட்டான்" என்று தொடங்குவார்கள். யார் கேட்டால் என்ன, கேள்வி நல்ல கேள்வியாக இருக்கும். −17 ஐ 5 ஆல் வகுத்தால் மீதி என்ன என்று ஒருவர் கேட்டார். யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றப்படி மீதி சுழியமாகவோ அதைவிடப் பெரியதாகவோ, ஆனால் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். ஆகவே ஈவு −4, மீதி 3. ஆனால் அவருடைய மாணவன் கணினியில் சி மொழியில் போட்டுப் பார்த்து −2 என்று வந்ததைக் காட்டியிருக்கிறான். அதுவும் தவறன்று. சி மொழி ஈவைச் சுழியத்தை நோக்கி வெட்டி −3 என்று எடுத்துக்கொள்வதால் மீதி −2 ஆகிறது. பைத்தான் என்ற இன்னொரு கணினி மொழியில் போட்டால் 3 வரும். இரண்டு வழியிலும் ஈவையும் வகுக்கும் எண்ணையும் பெருக்கி மீதியைக் கூட்டினால் −17 கிடைக்கும். பள்ளிக் கணிதம் எந்த ஏற்பாட்டைப் பின்பற்றுகிறது, ஏன் என்று வகுப்பில் சொல்லிவிட்டால் ஆசிரியருக்கு மதிப்புக் குறையாது. அந்த மாணவனை "பாடப்புத்தகத்தில் உள்ளதைப் படி" என்று உட்கார வைப்பதுதான் இழப்பு. சுழியத்தால் வகுப்பது பற்றிய கேள்வியையும் இப்படித்தான் அடக்கிவிடுகிறோம். 628 இல் சுழியத்துக்கும் குறை எண்களுக்கும் விதிகள் எழுதிய பிரம்மகுப்தரே சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்று எழுதினார். இன்று அதை ஏற்பதில்லை. அவர் இடறிய இடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை நின்று கேள்வி கேட்டால் அதற்கு ஒரு பாடவேளையே ஒதுக்கலாம்.

கணக்கைப் படம் எடுத்தால் விடை தரும் செயலிகள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. பல சமயம் விடை சரியாகவே வருகிறது. செயலியைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்வதில்லை. தாம் போட்டு முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். போடுவதற்கு முன் திறந்தால், 163.92 வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப வரிகளை இட்டு நிரப்பும் பழக்கம் வந்துவிடுகிறது. விடைத்தாள் திருத்தும்போது அத்தகைய நிரப்பல் எளிதில் கண்ணில் படும். ஐந்து மதிப்பெண் கணக்கில் படிகளுக்குத்தான் மதிப்பெண்.

ஆகவே ஐயம் கேட்பவர்கள் நான்கைச் செய்தால் போதும்: கணக்கு முழுவதும் தெரியும்படி படம் எடுக்கவும், போட்டுப் பார்த்த பக்கத்தையும் அனுப்பவும், அடித்ததை அழிக்காமல் ஒற்றைக் கோடு மட்டும் போட்டு விடவும், எந்த வரியில் நின்றுபோனது என்று சொல்லவும். ஒரு வரிகூட ஓடவில்லை என்றால், கணக்கைத் தம் சொல்லில் குரல்பதிவாகச் சொல்லி அனுப்பலாம். எழுத வராத பிள்ளைகள் பலர் அதில் பாதிக் கணக்கைத் தாமே முடித்துவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு மேல் புதிய கணக்குகளுக்கு நான் பதில் அனுப்புவதில்லை. ஏற்கெனவே போட்ட பக்கத்தை அனுப்பிச் சரிதானா என்று கேட்டால் மட்டும் பார்த்துச் சொல்வேன்.