ஸ்மார்ட் கேன் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

எனக்குத் தெரிந்த ஒருவர், கண் தெரியாதவர், ஒரு நாள் வேலையை விட்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு ஸ்மார்ட் கேன், அதாவது எதிரே தடை இருந்தால் அதிர்ந்து காட்டும் கோல், வாங்க அரசு முகாமுக்குப் போனார். பட்டியலில் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் போனது விநியோக முகாம். பெயர் எழுதி அளவு பார்க்கும் மதிப்பீட்டு முகாம் எப்போதோ முடிந்திருந்தது. அதில் பதிந்தவர்களுக்குத்தான் பொருள். ஆகவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டியது, "அடுத்த மதிப்பீட்டு முகாம் எப்போது?" என்பதைத்தான்.

திட்டத்தின் பெயர் ஏ.டி.ஐ.பி., மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசுத் திட்டம், பெரும்பாலும் அந்தக் கருவிகளைச் செய்யும் அரசு நிறுவனமான அலிம்கோ மூலம் வருகிறது. குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் என்றால் இலவசம், 30,000 வரை பாதி விலை.

40 சதவீதம் என்பதில்தான் பலர் அடிபடுகிறார்கள். ஒரு கண் முழுதாகப் போய் மறு கண் நன்றாக இருந்தால் சான்றிதழில் 30 சதவீதம்தான் வரும். யார் என்ன சொன்னாலும் நம்பி அலையாதீர்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை "எனக்குத்தான் வருமானமே இல்லையே" என்று போய் நிற்கும், அங்கே பார்ப்பது அப்பா அம்மாவின் வருமானத்தை. யுடிஐடி அட்டையிலும் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) ஆதாரிலும் பெயரோ இனிஷியலோ மாறியிருந்தால் முகாமுக்கு முன்பே திருத்திவிடுங்கள், அங்கே வைத்து யாரும் திருத்தித் தர மாட்டார்கள்.

இதைவிட மோசமானது மூன்று வருட விதி. அதே தேவைக்கு ஏற்கெனவே உதவி வாங்கியிருந்தால் 3 வருடம் மறுபடி கேட்க முடியாது, தொண்டு நிறுவனம் கொடுத்ததும் கணக்கில் வரும். பொத்தாம்பொதுவாக "நடக்க ஒரு கோல் வேணும்" என்று சொல்லி, அவர்கள் சாதாக் கோல் என்று எழுதி, நீங்களும் கைநாட்டு வைத்துவிட்டால் கதை முடிந்தது. ஸ்மார்ட் கேன் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட் கேன் வழி சொல்லாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெல்லி ஐஐடியில் உருவான கருவி அது, வெள்ளைக் கோலில் மாட்டுவது. சாதாக் கோலுக்குத் தட்டுப்படாத மரக்கிளை, நிற்கும் லாரியின் பின்பக்கம் மாதிரி முட்டிக்கு மேலே, 3 மீட்டருக்குள் ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிரும், அவ்வளவுதான். "இடது பக்கம் திரும்பு" என்று பேசுவது போன். அதுவும் இதே திட்டத்தில் உண்டு, தனியாகக் கேட்க வேண்டும். போனைக் கையில் வாங்கியதும், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக்கைப் போட்டு, தமிழ்க் குரல் வருகிறதா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். போட்டோ எடுக்கும் அவசரத்தில் இதற்கு நேரமில்லை என்பார்கள். நகராதீர்கள்.

இல்லை என்று அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண் உள்ள ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.