ஸ்ட்ரைக்கர் – தாக்குநர்

சேலம் காந்தி மைதானத்தில் கால்பந்து ஆடும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, போட்டி விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், தமிழ்ல நிரப்பச் சொல்லியிருக்காங்க. டீம்ல எந்த இடத்துல ஆடறீங்கன்னு கேட்டிருக்கு. நான் ஸ்ட்ரைக்கர். அதைத் தமிழ்ல எப்படிங்க எழுதறது?"

கூட வந்த அவள் அப்பா அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர். ஸ்ட்ரைக் என்றால் அவருக்குத் தறி நிற்கிற நாள், கூலி வராத நாள். "ஸ்ட்ரைக்கர்னா ஸ்ட்ரைக் பண்றவங்கதானுங்களே?" என்றார். அவள் தம்பிக்கோ கேரம் போர்டில் காயைச் சுண்டுகிற பெரிய வட்டுதான் ஸ்ட்ரைக்கர். கிரிக்கெட் பார்ப்பவரைக் கேட்டால், பந்தை எதிர்கொண்டு நிற்கும் ஆட்டக்காரரைச் சொல்வார். எல்லாமே சரியான பொருள்தான், எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்.

அந்த வேர் தொடங்கிய இடம் ஆச்சரியமானது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரீக்கன்' என்றால் தடவுவது, மேலாக உரசிக்கொண்டு போவது. வருடுதலைக் குறிக்கும் 'ஸ்ட்ரோக்' அதன் உடன்பிறந்த சொல். அடிப்பது, மோதுவது என்ற பொருள் பிறகு வந்து ஒட்டி, முதற்பொருளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. வேலைநிறுத்தப் பொருளுக்கும் தனிக் கதை உண்டு. பாயை இறக்குவதையும் கப்பற்காரர்கள் இதே சொல்லால்தான் சொல்வார்கள். 1768இல் லண்டனில் மாலுமிகள் பாய்களை இறக்கிக் கப்பல்களை நகரவிடாமல் செய்தார்கள். அங்கிருந்துதான் அந்தச் சொல் ஆலைக்கும் தறிக்கும் வந்து சேர்ந்தது.

கால்பந்தில், கோல் அடிப்பதையே முதல் வேலையாகக் கொண்டவரைக் குறிக்கும் ஸ்ட்ரைக்கர் இளைய சொல். அந்தக் காலத்து அணியில் பின்னே இரண்டு பேர், நடுவே மூன்று பேர், முன்னே ஐந்து பேர். முன்னே நின்ற ஐவருக்கும் ஃபார்வேர்டு என்று பெயர், அவர்களில் நடுவில் நிற்பவர் சென்டர் ஃபார்வேர்டு. காலப்போக்கில் முன்வரிசை மெலிந்தது. 1958இல் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் நால்வரைத்தான் முன்னே நிறுத்தியது. பிறகு அது மூன்றாகவும் இரண்டாகவும் குறைந்தது. ஐந்து பேர் செய்த வேலை ஓரிருவர் தலையில் விழுந்த 1960களில்தான் ஸ்ட்ரைக்கர் என்ற சொல் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. ஃபார்வேர்டு ஒருவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. ஸ்ட்ரைக்கர் அவர் செய்யும் வேலையைச் சொல்கிறது. மொழிபெயர்க்கும்போது நழுவிப்போவது இந்த வேறுபாடுதான்.

நம் செய்தித்தாள்கள் இரண்டுக்கும் 'முன்கள வீரர்' என்றே எழுதுகின்றன, பெண் என்றால் 'முன்கள வீராங்கனை'. ஃபார்வேர்டுக்கு இது அழகாகப் பொருந்துகிறது. ஓரத்தில் ஓடி நடுவே பந்தைத் தள்ளிக் கொடுப்பவளும் முன்களத்தில்தானே இருக்கிறாள்? அவளையும், அந்தப் பந்துக்காகவே காத்திருந்து வலைக்குள் அனுப்புபவளையும் ஒரே பெயரால் அழைத்தால் ஆட்டமே விளங்காது. வீராங்கனையிலும் எனக்கு ஒரு குறை. அங்கனை என்றால் வடமொழியில் பெண். வீரர் என்ற பலர்பால் சொல்லே ஆணுக்கும் பெண்ணுக்கும் போதும். அதை ஆண்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பெண்ணுக்கென்று வால் ஒட்டுவானேன்?

'உதைப்பவர்' என்று போடலாமே என்றார் உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர். ஈழத்தில் இந்த ஆட்டத்தையே உதைபந்தாட்டம் என்கிறார்கள், வளமான சொல். ஆனால் அமெரிக்காவின் ஆபி வாம்பாக்கை என்ன செய்வது? நாட்டுக்காக அவர் போட்ட 184 கோல்களில் 77 தலையால் முட்டியவை. 2011 பெண்கள் உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலிடம் தோற்றுப்போகும் நிலையில், 122ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி ஆட்டத்தைச் சமன் செய்தார். அவரை உதைப்பவர் என்றால் பாதி வாழ்க்கையை விட்டுவிட்டதாகும். 'கோலடிப்பவர்' என்பது பேச்சுக்கு இனிக்கிறது. அணியில் நடுக்களத்தாரும் தடுப்பவரும்கூடத்தான் கோல் அடிக்கிறார்கள்.

நான் தேர்ந்த சொல் தாக்குநர். 'தாக்கு' என்றதும் அடிதடிச் செய்தி நினைவுக்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த வினையின் வீச்சு பெரியது. மின்னல் தாக்குகிறது, வெயில் தாக்குகிறது, புயல் கரையைத் தாக்குகிறது. ஆங்கிலச் சொல்லும் மின்னலுக்கு அப்படியே பொருந்துகிறது. இதற்கெல்லாம் மேலாக, வள்ளுவர் இந்தச் சொல்லை ஆளும் இடத்தில் ஒரு ஸ்ட்ரைக்கரின் முழு வித்தையும் இருக்கிறது.

ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து. (486)

சண்டைக் கிடா முட்டுவதற்கு முன் பின்வாங்குகிறது. ஊக்கமுள்ளவன் அடங்கியிருப்பதும் அப்படித்தான் என்கிறார். மறுநாள் காலை மைதானத்துக்குப் போய் அந்தப் பிள்ளை ஆடுவதைப் பார்த்தேன். வடக்கே சேர்வராயன் மலை பாதி பனிக்குள் இருந்தது. பந்து வலது ஓரத்தில் உருண்டுகொண்டிருக்க, இவள் கோலை நோக்கி ஓடவில்லை. தன்னைக் காவல் காத்தவளின் தோளுக்குப் பின்னால் இரண்டு எட்டு நழுவினாள். காவல்காரி பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். அந்த ஒரு கணத்தில் இவள் குறுக்கே பாய்ந்து இடது பாதத்தின் உட்புறத்தால் தொட்டாள், அவ்வளவுதான். பந்து கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. அடியென்று சொல்லக்கூட முடியாது, ஏறக்குறைய ஒரு வருடல். பழைய ஆங்கிலப் பொருள் அந்தக் காலில் மிச்சமிருந்தது.

கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் இந்த வித்தையை இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தார். 2000இல் 16 வயதில் நாட்டுக்காக ஆடத் தொடங்கி, 2020 ஜனவரியில் வாம்பாக்கின் 184ஐக் கடந்து, 2023 டிசம்பரில் 190 கோல்களோடு விடைபெற்றார். பன்னாட்டு ஆட்டங்களில் ஆண், பெண் எவரும் இத்தனை அடித்ததில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் தனியாளாக மூன்று கோல் அடித்தும், அமெரிக்காவிடம் 4–3 என்று கனடா தோற்றது. பிற்காலத்தில் அவர் சற்றுப் பின்னே இறங்கி ஆடினார். நின்ற இடம் மாறியது, தாக்கு மாறவில்லை. இடத்தை வைத்துப் பெயரிட்டால் இப்படிப்பட்டவர்கள் பாதியில் பெயரை இழந்துவிடுவார்கள்.

நம் நாட்டில் மணிப்பூரின் பாலா தேவியைச் சொல்ல வேண்டும். இந்தியாவுக்காக 50க்கு மேற்பட்ட கோல்கள். 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. தமிழ்நாட்டுப் பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. 2018இலும் 2023இலும் தேசிய சீனியர் பட்டம் நம் மாநிலத்துக்கு வந்தது. இவ்வளவு நடந்த பிறகும் அவர்கள் செய்யும் வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் இல்லாதது எனக்கு வலிக்கிறது.

கோல் என்ற சொல்லை மாற்றவே வேண்டாம் என்பேன். தமிழில் கோல் என்றால் கம்பு. ஏற்காட்டுத் தோட்டப் பிள்ளைகள் இரண்டு குச்சியை நட்டு ஆடும்போது அது கோலேதான். இரண்டு சொல்லுக்கும் உறவு ஏதும் இல்லை, ஒலி மட்டும் ஒத்திருக்கிறது. அந்த ஒற்றுமையே அதற்குக் குடியுரிமை தரப் போதும்.

விண்ணப்பத்தில் அவள் 'தாக்கு' வரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "எந்த ‘ன’ங்க டீச்சர்?" தந்நகரம், அதாவது 'ந', போடச் சொன்னேன். ஓட்டுநர், இயக்குநர், சங்கப் பாட்டில் வரும் பொருநர் எல்லாம் அந்த எழுத்தைத்தான் கொண்டவை. 'நர்' என்ற ஈறு ஆண் பெண் பார்ப்பதில்லை. அவள் அப்பா அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு மகளிடம் பேனாவை வாங்கி, பெற்றோர் கையெழுத்துக் கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.