சொல் விளக்கம்: சேவைத் தரம்

கல்லூரிகளில் மாணவர்களிடம் கருத்துக் கேட்கும் படிவங்களில் 'சேவைத் தரம்' என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறது. 'சர்வீஸ் குவாலிட்டி'யை அப்படியே தமிழாக்கியது. இதில் பாதி நல்ல தமிழ்ச் சொல்லாட்சி, மீதிப் பாதியில் எனக்கு மனக்குறை உண்டு.

தரம் அருமையான தேர்வு. 'குவாலிட்டி'க்கு மூலம் 'குவாலிடாஸ்' என்ற லத்தீன் சொல். 'எத்தகையது' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பண்டைய ரோமானிய அறிஞர் சிசரோ உருவாக்கியது அது. அதன் வேர்ப்பொருள் வெறும் தன்மைதான், உயர்வு தாழ்வு அதில் இல்லை. தமிழில் தரம் என்றாலே ஒப்பிட்டுப் பார்ப்பது. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை வகை பிரித்த படிநிலைக்குத் தரம் என்று பெயர். அதில் அடங்காத நிலம் தரமிலி. இந்தக் கல்லூரியா அந்தக் கல்லூரியா என்று மாணவர்கள் எடை போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

சேவை வடமொழிச் சொல். வைணவர்கள் பெருமாளைத் தரிசிப்பதைச் சேவை என்பார்கள். 'சர்வீஸ்' என்பதன் லத்தீன் வேருக்கு அடிமை என்று பொருள். இரண்டிலுமே கீழே நிற்பவர் மேலே இருப்பவருக்குச் செய்வதுதான் சேவை. கல்லூரி அலுவலக ஜன்னலில் இது தலைகீழாகிவிடுகிறது. கல்விக்கடனுக்காக ஒரு போனஃபைட் சான்றிதழ் வாங்க மூன்று நாள் அப்படி நின்றிருக்கிறேன். "சார் சாப்பிடப் போயிருக்காரு, அப்புறம் வாங்க." நான்காம் நாள் கைக்கு வந்த தாளில் என் இனிஷியல் தப்பு. திருத்தித் தாருங்கள் என்று கேட்கவே தயக்கமாக இருந்தது, ஏதோ சலுகை கேட்பதைப் போல.

கலைச்சொல்லாக 'சர்வீஸ் குவாலிட்டி' பரவியதில், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சந்தையியல் பேராசிரியர் ஏ. பரசுராமனுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலரி சைத்தமல், லெனர்ட் பெரி ஆகியோருடன் சேர்ந்து 1988-இல் அவர் 'செர்வ்குவால்' என்ற அளவுகோலை வெளியிட்டார். வங்கி, கிரெடிட் கார்டு போன்ற தொழில்களை வைத்து உருவான 22 கூறுகள். ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் எதிர்பார்த்தது என்ன, அவருக்குக் கிடைத்ததாக அவர் நினைப்பது என்ன என்று இரண்டையும் கேட்பார்கள். இடையில் உள்ள இடைவெளிதான் தரத்தின் அளவு. பிறகு மலேசியாவின் ஃபிர்தௌஸ் அப்துல்லா உயர்கல்விக்கென்றே 'ஹெட்பெர்ஃப்' என்ற அளவுகோலை உருவாக்கினார். பாடம் நடத்துவதோடு, அலுவலக ஊழியர் மாணவரை எப்படி நடத்துகிறார் என்பதும் அதில் தனிக்கூறாக இருக்கிறது. அந்த ஜன்னலையும் கணக்கில் எடுத்துக்கொண்டாரே என்று மகிழ்ந்தேன்.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'பணித்தரம்' என்பேன். பணிநேரம், பணியாளர், அரசுப்பணி என்று நம் பேச்சில் ஊறிய சொல் பணி. அதில் கடமை என்ற பொருளும் இருப்பதால் கேட்பவர் கூச வேண்டியதில்லை.

படிவத் தலைப்புகளில் 'சேவைத் தரம்' என்பதோடு கூட வரும் சொற்களையும் பார்த்துவிடலாம். 'பெர்செப்ஷன்' என்பதற்குப் 'புலனுணர்வு' என்று போடுகிறார்கள். அது கண்ணும் காதும் சம்பந்தப்பட்ட உளவியல் சொல், இங்கே 'பார்வை' போதும். 'புரோகிராம்' கல்லூரியில் நிகழ்ச்சி அல்ல, படிப்பு. 'காம்பெடிடிவ்னஸ்' என்பதற்குப் போடும் 'போட்டித்திறன்' அப்படியே இருக்கட்டும்.

'நிகழ்ச்சிகளின் சேவைத் தரம் மற்றும் போட்டித்திறன் குறித்த மாணவர்களின் புலனுணர்வு' என்று ஒரு படிவத்தில் இருந்தால், 'மாணவர் பார்வையில் படிப்புகளின் பணித்தரமும் போட்டித்திறனும்' என்று மாற்றிக்கொள்ளலாம்.