போலீஸ் இடுப்பில் கிடந்த பிஸ்டல்: அழுக்கு எங்கே, கோளாறு எங்கே

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகள் பலவற்றில் 'போலீஸ் டிரேட்-இன்' என்று ஒரு சரக்கு விற்கும். காவல் துறைகள் சில வருஷங்களுக்கு ஒருமுறை பழைய பிஸ்டல்களை மொத்தமாக விற்பனையாளரிடம் கொடுத்து, அதன் மதிப்பைப் புதியவற்றின் விலையில் கழித்துக்கொள்ளும். பழையவை பொதுச் சந்தைக்கு வந்துவிடும். (அப்படி விற்றவற்றில் சில பின்னாளில் குற்ற இடங்களில் சிக்குவதால், விற்காமல் அழித்துவிட வேண்டும் என்ற வாதமும் அங்கே பலமாக இருக்கிறது. அது தனிக் கதை.)

இந்தச் சரக்கில் அதிகம் தட்டுப்படுவது பாயின்ட் 40 தோட்டா சுடும் க்ளாக் 22 என்ற பிஸ்டல். 1986 ஏப்ரலில் மியாமியில் நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அன்றைய 9 மி.மீ. குண்டு போதாது என்ற முடிவு அதிலிருந்து வந்தது. 1990-ல் பாயின்ட் 40 (அதாவது 0.40 அங்குல விட்டக் குண்டு) தோட்டா அறிமுகமாகி, காவல் துறைகள் வரிசையாக அதற்கு மாறின. அப்புறம் 9 மி.மீ. குண்டுகளே நன்றாகத் தேறிவிட, 2016-ல் எஃப்.பி.ஐ. மறுபடி 9 மி.மீ. க்ளாக்கையே எடுத்துக்கொண்டது, மற்ற பல துறைகளும் அதே வழியில் போயின. கைவிடப்பட்ட பாயின்ட் 40 எல்லாம் மலிவு விலையில் அலமாரிக்கு வந்தது.

இவற்றை வாங்குகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, போலீஸ் பிஸ்டல் நிறையச் சுமக்கப்பட்டு, கொஞ்சமாகச் சுடப்பட்டது என்பது. வருஷத்துக்குச் சில தகுதித் தேர்வு, சில பயிற்சி, மற்றபடி இடுப்பில் உறைக்குள்தான். அதனால் வெளியே ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) முனை ஓரங்களில் கறுப்பு உரிந்து இரும்பு பளபளக்கும், உள்ளே பேரல் (குண்டு பாயும் குழல்) புதுசு மாதிரி இருக்கும். வரும் கோளாறுகளும் பெரும்பாலும் சுமந்ததால் வந்தவைதான்: நூல் பிசிறு, வியர்வை, தூசி, யாரோ கருணையோடு ஊற்றிய எண்ணெய்.

முதலில் பிஸ்டல் வேலை செய்யும் விதம். தோட்டா வெடிக்கும்போது சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) 35,000 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் வரலாம், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 2,400 மடங்கு. அந்த நேரத்தில் சேம்பர் திறந்தால் ஆபத்து. எனவே பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னால் நகரும். அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேரலின் வால் பக்கம் கீழே சாய்ந்து பூட்டு விடுபட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போகும். எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி சுட்ட தோட்டாவின் வெற்று ஓட்டினை இழுத்துவர, எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறியும். அழுந்திய ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, அது போகிற போக்கில் மேகசினின் (பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டி) மேல் தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிட்டு மறுபடி பூட்டிக்கொள்ளும். இவ்வளவும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். எல்லாக் கோளாறுமே இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி தாமதமானதுதான்.

சரி, சுத்தம் செய்ய உட்காருவோம். தோட்டா எதுவும் நீங்கள் உட்காரும் அறையிலேயே இருக்கக் கூடாது. மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழுத்துத் திற, சேம்பரைக் கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். முதலில் மேகசின், பிறகுதான் ஸ்லைடு. வரிசை மாறினால், வெளியே விழுந்த தோட்டாவுக்குப் பதில் இன்னொன்று உள்ளே ஏறிவிடும். க்ளாக்கில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதைப் பிரிக்கும்போது விசையை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். 'காலியாகத்தான் இருக்கும்' என்று நினைத்தவர்கள் சுவரையும் சொந்தத் தொடையையும் சுட்டுக்கொண்டது இந்த இடத்தில்தான்.

பேரலுக்குள் இருப்பது இரண்டு வகை அழுக்கு. ஒன்று வெடிமருந்து எரிந்த கரி. இதைச் சால்வென்டும் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) பிரஷும் எடுத்துவிடும். இன்னொன்று குண்டின் மேலுறையிலிருந்து ஒட்டிய செம்பு. இதைத் தேய்த்து எடுப்பது கஷ்டம், அதனால்தான் சில சால்வென்ட்களில் அம்மோனியா இருக்கிறது. செம்பும் அம்மோனியாவும் சேர்ந்து கரையக்கூடிய நீலச் சேர்மமாக மாறும். துணித் துண்டை உள்ளே விட்டு எடுக்கும்போது நீலப்பச்சைக் கறை வந்தால் செம்பு கரைகிறது என்று அர்த்தம். (பித்தளைப் பிரஷிலும் செம்பு இருப்பதால் அதுவும் அதே நிறத்தைக் காட்டி ஏமாற்றும்.) பாட்டிலில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊற வைக்க வேண்டாம். இந்தக் கரியில் ஈயமும் உண்டு, தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஈயச் சேர்மம் இருப்பதுதான் காரணம். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இனிதான் போலீஸ் பிஸ்டலுக்கே உரிய இடம். ஸ்லைடுக்குள் ஸ்ட்ரைக்கர் ஓடும் குழாய் இருக்கிறது. விசையை இழுத்ததும் முன்னால் பாய்ந்து பிரைமரைக் குத்தும் ஊசி இதற்குள்தான் ஓடுகிறது. இங்கே எண்ணெய் விடக் கூடாது என்பது க்ளாக் நிறுவனத்தின் வழிமுறை. ஆனாலும் நல்லெண்ணத்தில் யாராவது விட்டிருப்பார்கள். சும்மா கிடக்கும் தையல் மிஷினில் எண்ணெய் பிசினாவதைப் போல அது தூசியோடும் பித்தளைத் துகளோடும் சேர்ந்து கெட்டியாகிவிடும், ஊசியின் வேகம் குறையும். விளைவு: 'டிக்' என்று சத்தம் வரும், தோட்டா வெடிக்காது. அப்படி வெடிக்காத தோட்டாவின் பிரைமரைக் கூர்ந்து பார்த்தால் குழி ஆழமில்லாமல், லேசாகத் தொட்டுவிட்டுப் போனது மாதிரி இருக்கும். (டிக் என்றதும் உடனே திறந்து பார்க்காதீர்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு, பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடம் பொறுக்க வேண்டும்.) குழாயைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து முழுக்க உலர்வாக விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் தேவைப்படுவது உலோகம் உலோகத்தோடு உரசும் சில இடங்களில் மட்டும், அதுவும் சொட்டுக் கணக்கில்.

அடுத்தது ஸ்பிரிங். ஸ்லைடைத் தள்ளும் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. காலி என்று உறுதியான பிஸ்டலை மேல்நோக்கிப் பிடித்து, விசையை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடைப் பின்னால் இழுத்து, கையை விடாமல் மெல்ல மெல்ல முன்னால் போக விட வேண்டும். புவியீர்ப்பை மீறி ஸ்லைடு கடைசி வரை போய் மூடிக்கொண்டால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. பாதியில் நின்றுவிட்டால் மாற்றுங்கள், விலை சொற்பம்தான். ஸ்பிரிங்கைத் தளர்த்துவது முக்கியமாக அழுந்தி விரியும் எண்ணிக்கை, வெறுமனே அழுந்திக் கிடப்பதன் பங்கு குறைவு.

ஸ்லைடு பின்னால் போகும் தூரம் உங்கள் கையையும் பொறுத்தது. கை தளர்வாக இருந்தால் பிஸ்டல் முழுவதுமே பின்னால் போகிறது. அப்போது பிஸ்டலின் உடலுக்கும் ஸ்லைடுக்கும் இடையிலான நகர்வு குறைந்து, ஸ்லைடு பாதி வழியிலேயே திரும்பிவிடும். வெற்று ஓடு வெளியேற முடியாமல் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இதைத் துப்பாக்கியின் குற்றமாக நினைத்து எக்ஸ்ட்ராக்டரை மாற்றிச் செலவழித்தவர்கள் ஏராளம். வேறு ஒருவர் கையில் கொடுத்துச் சுடச் சொல்லிப் பார்ப்பது அதைவிட மலிவு.

சுமந்ததன் இன்னொரு அடையாளம் டிரிட்டியம் குறிமுள்கள். இருட்டில் தெரிவதற்காக, ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியம் வாயுவைச் சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்திருப்பார்கள். அதிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் குழாயின் உள்பூச்சில் பட்டு ஒளிரும். அரை ஆயுள் 12.3 வருஷம் என்பதால், சுமார் 25 வருஷத்தில் கால் பங்கு டிரிட்டியம்தான் மிச்சம். துடைத்தால் பிரகாசம் திரும்பாது. குறிமுள்ளை மாற்றலாம், இல்லையென்றால் பகல் வெளிச்சத்தோடு திருப்திப்படலாம்.

கூடவே யாராவது பழைய போலீஸ் தோட்டாவையும் கொடுத்தால் கவனம். டூட்டியில் தினமும் ஏற்றி இறக்கிய அதே தோட்டாவில், முனை மோதி மோதி, குண்டு ஓட்டுக்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கலாம். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும், பாயின்ட் 40-ல் இது ஆபத்தான அளவுக்கே போகும். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்தி உயரத்தைப் பாருங்கள், குட்டையாக இருந்தால் சுட வேண்டாம்.

சுத்தம் முடிந்து சுடுதளத்துக்குப் போகும்போது ஒவ்வொரு மேகசினிலும் ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் எந்த எண் என்று குறித்து வையுங்கள். திரும்பத் திரும்ப ஒரே எண்ணில் வந்தால் பெரும்பாலும் அந்த மேகசினின் ஸ்பிரிங்தான் தோட்டாவை நேரத்துக்கு மேலே தூக்கவில்லை, அதை மாற்றிப் பாருங்கள். எல்லா எண்ணிலும் வந்தால், வெவ்வேறு நிறுவனத் தோட்டாவிலும் வந்தால், எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அடியில் கரி அடைத்திருந்தால் நீங்களே எடுத்துவிடலாம். விளிம்பு உடைந்திருந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.